நம்ம நாளா, அதோட நாளா

என் தங்கையின் கணவரும் நானும் ஒரே வானாய்வு நிலையத்தில் வேலை செய்தோம். வெகு தொலைவில், ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவே பிரகாசிக்கும் குவேசார் ஒன்றின் வெளிச்சம் எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று ஏழு வருடமாக அட்டவணை போட்டுவந்தது நான். அந்த ஒளியைப் பிரித்துப் பார்த்து, அங்கே சுழலும் வாயு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று சொல்வது மாப்பிள்ளையின் வேலை. இரண்டையும் சேர்த்தால்தான் நடுவில் இருக்கும் கருந்துளையின் எடை கிடைக்கும்.

முறை இதுதான். நடுவில் வெளிச்சம் கூடினால், சுற்றியுள்ள வாயு கொஞ்ச காலம் கழித்தே பிரகாசிக்கும். ஒளி அங்கே போய்ச் சேர எடுத்துக்கொள்ளும் நேரம் அது. அந்தத் தாமதத்தை வைத்து வாயு எவ்வளவு தூரத்தில் சுற்றுகிறது என்று சொல்லலாம். தூரமும் வேகமும் தெரிந்தால் எடை தெரிந்துவிடும். இதில் ஒரே ஒரு வில்லங்கம். பிரபஞ்சம் விரிந்துகொண்டே இருப்பதால், அந்தக் குவேசாரின் ஒரு நாள் நம்மிடம் வரும்போது மூன்று நாளாக நீண்டுவிடுகிறது. ஆகவே நாம் எண்ணிய நாட்களை மூன்றால் வகுத்தாக வேண்டும்.

வகுப்பது எப்போதும் நான்தான். போன வருடம் ஒரு கூட்டத்தில் துறைத் தலைவர், "அட்டவணையில திருத்தம் எதுவும் வேண்டாம், நம்ம காலண்டர்படியே எழுதுங்க" என்றார். மாப்பிள்ளை அன்று விடுப்பு. அடுத்த மாதத்திலிருந்து நான் வகுப்பதை நிறுத்தினேன். தலைப்பில் 'தாமதம், நாள்' என்று மட்டும் எழுதினேன். அவரிடம் சொன்னேனா என்றால், இல்லை. தினமும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு எதைச் சொன்னோம், எதைச் சொல்லவில்லை என்பது நினைவில் நிற்பதில்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம், அவர் வீட்டில், கட்டுரையைப் பிழை பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். வியாழக்கிழமை அவருக்கு நேர்காணல்; கட்டுரையின் முதல் வடிவம் தேர்வுக் குழுவுக்கு ஏற்கெனவே போயிருந்தது. ஒப்பந்தம் மாதக் கடைசியோடு முடிகிறது. இருந்த நிரந்தர இடம் ஒன்றே ஒன்று. கட்டுரையின் முதல் பத்தியிலேயே 'ஆயிரத்து முந்நூறு கோடி சூரியன்களின் எடை' என்று இருந்தது. இந்த முறையில் அளந்தவற்றில் அதுதான் மிகக் கனமானது.

"என்ன மச்சான், ஒரு கமாகூட சிக்கலையா?"

"சிக்கும், இருங்க மாப்ளே."

"எதையாவது கண்டுபிடிக்கலைன்னா அண்ணனுக்குச் சாப்பாடு இறங்காது" என்றாள் தங்கை. நேர்காணலுக்குப் போட வேண்டிய சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "இந்தத் தடவையாவது பெட்டி கட்டாம இருந்தா சரி. ஒம்பது வருஷத்துல நாலு ஊரு."

மூன்றாம் பக்கத்தில், தாமதம் அறுநூறு நாள் என்றிருந்தது. அறுநூறு என் எண். வகுக்காத எண்.

"மாப்ளே, இந்த அறுநூறு நம்ம நாளா, அதோட நாளா?"

"அதோட நாள்தான். நீங்கதானே வகுத்துக் குடுப்பீங்க?"

"இப்ப வகுக்கறதில்லை."

"எப்பலேருந்து?"

சொன்னேன். அவர் பென்சிலை எடுத்து ஓரத்தில் எடையை வகுத்துப் பார்த்தார். மூன்றால் வகுக்க அவருக்குப் பென்சில் தேவையில்லை. நானூற்று முப்பது கோடிச் சொச்சம். அந்த எடையில் மற்றவர்கள் எத்தனையோ அளந்து வைத்திருக்கிறார்கள்.

"தப்பு என்னோடது" என்றேன். "தலைப்புல தெளிவா எழுதியிருக்கணும்."

"இவ்வளவு கனமா வந்ததுமே நான் சந்தேகப்பட்டிருக்கணும் மச்சான். சந்தோஷப்பட்டுட்டேன்."

தங்கை இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "வியாழக்கிழமை தாண்டட்டுமே. அதுவரைக்கும் வாயைத் திறக்காம இருந்தா யாருக்குத் தெரியப் போகுது?"

"அங்க ஒருத்தர் கேட்டாப் போதும்" என்றார் மாப்பிள்ளை.

"கேக்கலைன்னா?"

"அப்பறம் ரிடையர் ஆகற வரைக்கும், யார் எப்பக் கேப்பாங்கன்னு உக்காந்திருக்கணும்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஏண்ணா, இதை நீ நேர்காணல் முடிஞ்சு வெள்ளிக்கிழமை பார்த்திருக்கக் கூடாதா?"

திங்கள் காலை தேர்வுக் குழுவுக்குத் திருத்தம் அனுப்பினார். தவறு எப்படி நேர்ந்தது என்று நானும் ஒரு பக்கம் எழுதி இணைத்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் வந்தவர், "அரை மணி நேரம் அதைப் பத்தியேதான் கேட்டாங்க. மரியாதையாத்தான் கேட்டாங்க" என்றார்.

இடம் வேறொருவருக்குப் போனது. மாப்பிள்ளைக்கு இன்னொரு நிலையத்தில் இரண்டு வருட ஒப்பந்தம் கிடைத்தது, ரயிலில் பதினான்கு மணி நேரத் தொலைவில். சாமான் கட்டும் அன்று காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். மாப்பிள்ளை வழக்கம்போல் பேசினார். தங்கை, "கயித்தைக் குடு", "இந்த முனையைப் பிடி" என்பதற்கு மேல் என்னிடம் எதுவும் பேசவில்லை. அவள் சொன்ன முனையை நான் பிடித்துக்கொண்டேன்.