சாமந்திக்கு ஒரு வண்டிப்பாதை

கம்பத்தில் கடல் இல்லை என்று சொல்கிறவர்கள் என் வீட்டு முன்னறைக்கு வந்ததில்லை. கண்ணாடித் தொட்டி, நீளம் இரண்டடி, உயரம் ஒன்றரை அடி. ஆனாலும் கடல்தான். பௌர்ணமியன்று அலை கொஞ்சம் கூடும். அந்தக் காற்றுப் பட்டே பக்கத்து வீட்டு ஞானபாக்கியம் சோற்றுக்கு உப்புப் போடுவதை விட்டுவிட்டாள். நான் திராட்சை வியாபாரம் பார்த்தவன். இருந்த பொய்யெல்லாம் வியாபாரத்திலேயே செலவழிந்துவிட்டதால் இப்போது என்னிடம் உண்மை மட்டும்தான் மிச்சம்.

கடலுக்குச் சொந்தக்காரி என் மருமகள் ஷர்மின். தூத்துக்குடியில் மீன்களைப் பற்றிப் படித்தவள். அவள் வளர்க்கும் பவளங்களில் அவளுக்கு உயிராக இருப்பது ஒன்று, பெயர் டார்ச். பச்சை விரல்கள், நுனியில் பொன் நிறம். கரண்ட் போன ஒரு நாள் நம்பிப் பார்த்தேன், எரியவில்லை. கல்யாணமாகி வந்தபோது சுண்டுவிரல் நகம் அளவில் கொண்டுவந்தாள். கைக்குழந்தைக்குச் சொட்டு மருந்து விடுவதுபோலத் தீனி விட்டு, தேங்காய் மூடி அளவுக்கு ஆக்கிவிட்டாள்.

போன மாதம் என் மகன் ஆரிப் கொச்சியிலிருந்து குமுளி வழியாக ஓர் அனிமோன் வாங்கி வந்தான். புத்தகத்தில் கடற்சாமந்தி, எங்கள் வீட்டில் வெறும் சாமந்தி. பார்க்கப் பூ, உண்மையில் பிராணி. விரலெல்லாம் விஷம். தொட்டியில் இருக்கும் கோமாளி மீன் மட்டும் அதற்குள் மெத்தையில் படுப்பதுபோலப் படுத்துக்கொள்ளும்.

தன் தங்கச்சியின் பிரசவத்துக்காகக் கூடலூருக்குக் கிளம்பும்போது ஷர்மின் என்னைத் தொட்டி முன்னால் நிறுத்தினாள்.

"மாமா, சாமந்தி இந்த டார்ச்சத் தொட்டுச்சுன்னா இவன் செத்துருவான். அத மட்டும் பாத்துக்கங்க. செம்புப் பாத்திரம் எதையும் தண்ணிகிட்ட கொண்டாராதீக, செம்பு பட்டா ரெண்டுக்குமே ஆகாது. நீங்களும் உள்ள கை விடாதீக."

"நான் எதுக்கும்மா கை விடப்போறேன்?"

"போன தடவ மீனுக்கு முறுக்கு போட்டது யாரு?"

"அது கேட்டுச்சு."

என் மனைவி லத்திபா வாயை முந்தானையால் மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஷர்மின் ஏறிய பஸ் தெருமுனை தாண்டியதுமே சாமந்தி நடக்க ஆரம்பித்தது. அதற்கு ஒரே கால். அதை வைத்துக்கொண்டு பாறையோடு பாறையாக வழுக்கி வழுக்கி டார்ச் இருக்கும் பக்கமாகவே வந்தது. டவுன் பஸ்ஸை விட மெதுவுதான். ஆனால் டவுன் பஸ் டீ குடிக்க நிற்கும், இது நிற்காது. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று முறைத்தேன். ஒரு பிஞ்சுக் குலையை முறைத்தே பழுக்க வைத்தவன் நான். சாமந்தி அசரவில்லை.

சாயங்காலம் ஷர்மின் போன் செய்தாள். "சாமந்தி எங்கன இருக்கு மாமா?"

"தொட்டிக்குள்ளதாம்மா இருக்கு."

சொன்னதில் பொய்யில்லை. மறுநாள் காலையில் சாமந்திக்கும் டார்ச்சுக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் சுருளியாண்டிக்குச் சொல்லி அனுப்பினேன். காமயகவுண்டன்பட்டி ரோட்டில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவன். அடங்காத கொடியையும் அடக்கிப் பந்தலில் ஏற்றிவிடுவான். லத்திபாவை அவன் தங்கச்சி என்பான், அந்தக் கணக்கில் நான் மச்சான்.

தோட்டத்திலிருந்து நேராக வந்தான். தொட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தான்.

"கொடி எந்தப் பக்கம் இழுக்குது மச்சான்?"

"இது கொடி இல்ல மாப்ள. பிராணி."

"எதுவா இருந்தா என்ன, ஒரு கவாத்து போட்டா அடங்கிரும்." இடுப்பிலிருந்து கவாத்துக் கத்தரியை எடுத்தான்.

"அண்ணே, அத வெட்டுனா ரெண்டாகி ரெண்டும் நடக்குமாம். ஷர்மின் சொல்லியிருக்கா" என்றாள் லத்திபா.

கத்தரி இடுப்புக்குத் திரும்பியது. "அப்ப கையால நகட்டி வச்சிருவோம்" என்றவன், நான் வாயைத் திறப்பதற்குள் முழங்கை வரைக்கும் உள்ளே விட்டுவிட்டான்.

லத்திபா மெதுவாகக் கேட்டாள். "அண்ணே, கை ஏன் நீலமா இருக்கு?"

"காலையில மருந்தடிச்சேன் தங்கச்சி. கொடிக்குச் செவட்ட நோய். மயில்துத்தமும் சுண்ணாம்பும்."

"துத்தம்னா என்ன?"

"துத்தம்னா செம்புதான..." என்று ஆரம்பித்தவன் அப்படியே நின்றான். கை மட்டும் இன்னும் தண்ணீருக்குள் இருந்தது.

"அத மொதல்ல வெளிய எடு மாப்ள" என்றேன்.

எங்கள் பக்கத்தில் கொடிக்கு எது வந்தாலும் துத்தம்தான் மருந்து. தோட்டக்காரன் கையில் அது மருதாணி மாதிரி ஏறிக் கிடக்கும், யாரும் கவனிப்பதில்லை. சாமந்தி கவனித்தது. எலுமிச்சம்பழம் அளவுக்குச் சுருங்கியது. டார்ச்சின் பச்சை விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளே போய், வெறும் எலும்பு தெரிந்தது. எனக்குக் கதை சொல்லத் தோன்றாத நேரம் என் ஆயுசில் அது ஒன்றுதான்.

"எல்லாத்தயும் வெளிய எடுக்கணும்" என்றாள் லத்திபா. நான் ஓடிப்போய் பிரியாணி தேக்சாவைத் தூக்கி வந்தேன். அவள் தேக்சாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இது என்ன பாத்திரம்?"

செம்புத் தேக்சா. எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தேன். கடைக்கு ஓடிப் புது பிளாஸ்டிக் பக்கெட்டுகள் வாங்கி வந்தேன். என் வயசில் ஓடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் வழியில் பார்த்தவர்களிடம் வேகமாக நடப்பதாகச் சொல்லிக்கொண்டே ஓடினேன். தண்ணீர் மாற்றுவதற்காக ஷர்மின் டிரம்மில் உப்புக் கலந்து வைத்திருந்தாள். லத்திபா அதில் கொஞ்சத்தைப் பக்கெட்டில் ஊற்றி டார்ச், சாமந்தி, மீன் எல்லாவற்றையும் இறக்கினாள். தொட்டித் தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரைக்கும் மொண்டு கொல்லையில் முருங்கை மரத்தடியில் கொட்டினேன். தொட்டி வடிகட்டிக்குள் செம்பை உறிஞ்சப் புதுக் கரித்தூள் பை ஒன்றும் போட்டாயிற்று.

சுருளியாண்டி கொல்லையில் உட்கார்ந்து சவுக்காரம் போட்டுத் தோள் வரைக்கும் தேய்த்தான். சவுக்காரம் தீர்ந்தது. அடுத்த கட்டியைக் கேட்டான். கடைசியில் அவன் கை எப்படி வெளுத்தது என்றால், ராத்திரி வீட்டுக்குப் போனபோது அவன் நாயே அவனைப் பார்த்துக் குரைத்ததாம்.

கொல்லையிலிருந்து வந்து காலித் தொட்டியை எட்டிப் பார்த்தான். "தங்கச்சி, இந்தக் கல்ல மட்டும் மாத்தி வச்சுத் தாரியா? நான் தொடல, சொல்றேன்."

தோட்டத்தில் என்ன செய்வானோ அதைத்தான் சொன்னான். இரண்டு பந்தல் ஒட்டிக் கிடந்தால் கொடி கொடியைப் பிடிக்கும், சண்டை வரும். நடுவில் வண்டிப்பாதை விட்டுவிட்டால் வராது. சாமந்திக்குத் தனிக் கல் ஒன்று ஒரு மூலையில். டார்ச் இருக்கும் பாறை மறு மூலையில். நடுவில் வெறும் மணல். சாமந்தி வெளிச்சத்தைத் தேடித்தான் நடக்கிறது என்று டார்ச் பக்கத்து விளக்குக்கு நாற்றங்காலில் கட்டும் பச்சை நிழல்வலையில் ஒரு துண்டு கட்டச் சொன்னான். டிரம்மில் இருந்த மீதித் தண்ணீரை ஊற்றினோம்.

மறுநாள் சாமந்தி அதன் கல்லில் விரிந்தது. மீன் போய்ப் படுத்துக்கொண்டது. டார்ச் மட்டும் திறக்கவில்லை.

அதற்கடுத்த நாள் ஷர்மின் வந்துவிட்டாள். பையைக்கூட இறக்கவில்லை, நேராகத் தொட்டி முன்னால் உட்கார்ந்தாள். நான் தொண்டையைச் செருமினேன்.

"அது என்ன நடந்துச்சுன்னாம்மா, நேத்து ஒரு கொக்கு..."

"மாமா."

நிறுத்திவிட்டேன். நல்ல கொக்கு, பாவம்.

வாசலில் சுருளியாண்டி நின்றான். வெளுத்த கையிரண்டையும் ஆபரேஷனுக்குப் போகும் டாக்டர் மாதிரித் தூக்கிப் பிடித்திருந்தான்.

"நாந்தான் ஆத்தா. மருந்தடிச்ச கையோட உள்ள விட்டுட்டேன். மச்சான் மேல தப்பு இல்ல."

ஷர்மின் டார்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மணலைப் பார்த்தாள்.

"நடுவுல இது என்ன?"

"வண்டிப்பாதை ஆத்தா."

"மணல்ல சாமந்தி எறங்காது. இப்படித் தனியா வைக்கத்தான் கல்லு வாங்கியாரச் சொன்னேன், எங்க வீட்டுக்காரரு, ஒங்க மருமகன், மறந்துட்டாரு." முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. "பாதையில வண்டி எங்க?"

"மீனு போகும்ல."

அவள் பதில் சொல்ல வாயெடுத்தபோது டார்ச்சின் ஓரத்தில் ஒரு பச்சை விரல் வெளியே வந்தது. பொன் நிற நுனி. பக்கத்தில் இன்னொன்று. லத்திபா டீ போட்டு முடிப்பதற்குள் பாதி திறந்துவிட்டது. ஷர்மின் அப்போதுதான் பையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

"அந்தக் கொக்கு என்ன ஆச்சு மாமா?" என்றாள்.

சொன்னேன். அது வேறு கதை, நீளம்.

இப்போது எங்கள் வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சவுக்காரமும் இருக்கும். சுருளியாண்டி டீ குடிக்க வந்தால்கூடக் கையைக் கழுவிவிட்டுத்தான் படியேறுவான். முருங்கை காய்க்க ஆரம்பித்திருக்கிறது. காயிலேயே உப்பு ஏறி வருவதால் சாம்பாருக்கு லத்திபா உப்புப் போடுவதில்லை. ஞானபாக்கியம் இரண்டு காய் கேட்டு வாங்கிப் போனாள். நம்பாதவர்கள் வந்து சாப்பிட்டுப் பார்க்கலாம். கையைக் கழுவிக்கொண்டு வரவும்.