அக்காவுக்காகக் காத்திருந்தவர்கள்

அக்காவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள் தங்கை. எத்தனையோ பேருக்கு முடி திருத்திப் பழகிய கை, இன்று ஒரு வகிடுகூட நேராக எடுக்க முடியாமல் தடுமாறியது. விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அக்கா, தண்ணீர் கொண்டுவருவதற்குள் சாய்ந்துவிட்டாள்.

மேசைமேல் திறந்தே கிடந்த மடிக்கணினி மறுபடியும் மணியடித்தது.

"அதை அணைச்சுத் தொலையேன்," என்றார் அண்ணன். காலையிலிருந்து எல்லோருக்கும் போன் போட்டுச் சாவுச் செய்தி சொன்னவர் அவர்தான். குரல் கம்மிப்போயிருந்தது.

தங்கை எழுந்தாள். அணைக்கத்தான் போனாள்.

அக்கா காளான் ஆராய்ச்சிக்காரி. காளான்களை இனம் பிரிக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் கொஞ்சம் பேர்தான். ஒரே பந்தியில் உட்கார வைத்துவிடலாம். அவர்கள் இணையத்தில் ஒரு குழு வைத்திருந்தார்கள். அங்கிருந்து அழைப்பு வந்தால் அக்கா பாதிச் சோற்றில் எழுந்துவிடுவாள். கல்யாணமே செய்துகொள்ளாத அக்காவுக்கு அதுதான் மாமியார் வீடு என்று தங்கை கேலி செய்வாள்.

"ஒரு காளானுக்குப் பேர் சொல்ல இத்தனை பேர் எதுக்குக்கா?" என்று ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

"தனியா இருந்தா எனக்குத் தெரிஞ்சதே சரின்னு நெனச்சுக்குவேன்டி. தப்புன்னு சொல்ல நாலு பேர் வேணும்."

திரையில் ஒரு தட்டு. அதில் நறுக்கிய வெள்ளைக் காளான் துண்டுகள். ஏதோ ஒரு சிறிய மருத்துவமனையிலிருந்து மருத்துவர் ஒருவர் அனுப்பியிருந்தார். ஒரு சிறுமி இதைச் சாப்பிட்டிருக்கிறாள், வாந்தி நிற்கவில்லை, இது என்ன இனம்? வெறும் வயிற்றுக்கோளாறோடு போய்விடும் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஈரலைத் தின்றுவிடும் வகையாக இருக்கலாம் என்று இன்னொருவர். அதன்கீழ் ஒவ்வொருவராக ஒரே பதில்: 'அவர் வந்து சொல்லட்டும்.'

அவர் என்றால் அக்கா.

தங்கை திரும்பினாள். "அண்ணா, ஒரு குழந்த உயிருக்குப் போராடிட்டு இருக்கு. இவங்க அக்காவுக்காகக் காத்துட்டு இருக்காங்க."

அண்ணன் திரையைப் பார்க்கவில்லை, கட்டிலைப் பார்த்தார். "அப்ப சொல்லிடு."

இறந்துவிட்டாள் என்ற வார்த்தையை அவள் இதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்: 'நான் அவருடைய தங்கை. அக்கா இன்று காலை இறந்துவிட்டார். காத்திருக்க வேண்டாம். குழந்தையைப் பாருங்கள்.'

பிறகு ஒரு வரி வந்தது: 'மருத்துவரே, சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து வாந்தி தொடங்கியது?'

"ஒரு ஐயோ கூட இல்ல பாரு," என்றாள் தங்கை. கண்ணில் நீர் முட்டியது. "இதுக்கா இவ சோறு தண்ணி பாக்காம உழைச்சா?"

'நேற்று மதியம் சாப்பிட்டாள். நள்ளிரவுக்குமேல்தான் தொடங்கியது,' என்றார் மருத்துவர்.

'பறித்த இடத்தில் இன்னொன்று இருந்தால் அடியோடு தோண்டிப் படமெடுக்கச் சொல்லுங்கள்.'

வாசலில் அமரர் ஊர்திக்காரர் ஹாரன் அடித்தார். கூடத்தில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அண்ணன் வெளியே போனார். "கொஞ்சம் பொறுங்க. வீட்ல ஒரு வேலை முடியல," என்று அவர் சொல்வது கேட்டது. பிணம் கிடக்கும் வீட்டில் என்ன வேலை என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

படம் வந்தது. சிறுமியின் அப்பாவாக இருக்க வேண்டும். மண் அப்பிய உள்ளங்கையில் ஒரு முழுக் காளான். தண்டின் அடியில் வெள்ளையாக ஒரு பை.

வயிற்றுக்கோளாறு என்றவரே முதலில் எழுதினார்: 'நான் சொன்னது தவறு. வாந்தி தாமதமானதும் அடியில் இருக்கும் பையும் அதைத்தான் காட்டுகின்றன. ஈரலைத் தாக்கும் வகைதான். இந்த நிமிடமே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.' மற்றவர்களும் வரிசையாக ஆமோதித்தார்கள். ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது என்று மருத்துவர் எழுதும்வரை தங்கை நகரவில்லை. பிறகு போய் அக்காவின் வகிட்டை நேராக எடுத்து முடித்தாள்.

"தூக்கலாம்," என்றாள்.

எல்லாம் முடிந்து தங்கை கணினிக்குத் திரும்பியபோது குழு முழுக்க அக்காவாக இருந்தது. ஒருவர் எழுதியிருந்தார்: 'என்னை அவர் திட்டாத மாதமே இல்லை. இனி யார் திட்டுவார்?'

சில நாள் கழித்து அண்ணன் வந்தபோது தங்கை கணினிமுன் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் பொண்ணு தப்பிச்சிட்டாளாம்ணா. எழுந்து உக்காந்து பால் கேட்டாளாம்."

தங்கை நாற்காலியில் நகர்ந்து பாதி இடம் விட்டாள். பருத்த உடம்பு அண்ணனுக்கு. விளிம்பில் தொற்றிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்து மாட்டினார்.

"மேல போ," என்றார். "அவ எழுதினதெல்லாம் முதல்லேர்ந்து காட்டு."