குழிக்குள் அணைத்த வண்டி

கல்லுக்குழிக்குள் வண்டியை அணைக்கக் கூடாது. ரெட்டிபாளையம் பக்கம் எந்த லாரிக்காரனைக் கேட்டாலும் சொல்வான். சுண்ணாம்புக்கல் ஏற்றி முடிக்கும்வரை எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் உருட்டிக் கிளப்ப வசதியாகச் சரிவில் நிறுத்த வேண்டும்.

என் வீட்டுக்காரர் தர்மனுக்கு மட்டும் அந்த விதி கிடையாதாம். ஏனென்றால் எண்பத்தாறில் எங்கள் ஓட்டை லாரிக்கு ஜப்பான் வண்டியின் ஸ்டார்ட்டர் மோட்டார் வந்துவிட்டது. பழையது அம்மிக்கல் கனம். அதைக் கழற்றி இறக்கவே இரண்டு ஆள் வேண்டும். இருந்தும் காலையில் வண்டியைத் தள்ளித்தான் கிளப்புவோம். புதியதை அரியலூர் மெக்கானிக் லூர்துராஜ் ஒற்றைக் கையில் தூக்கி வந்து மாட்டினார். சாவியைத் திருகியதுமே எஞ்சின் பிடித்துக்கொண்டது. மனுசனுக்குத் தலைகால் புரியவில்லை. எஞ்சினைக் கிளப்ப முன்னால் செருகிச் சுற்றுகிற இரும்பு ஹேண்டிலைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிட்டார். "டீசல் மிச்சம்டி வேம்பு" என்று குழிக்குள்ளேயே வண்டியை அணைக்கவும் ஆரம்பித்தார். நான் திட்டினேன். திட்டிக்கொண்டே பழத்தையும் தின்றேன்.

அன்றைக்குப் பாறையை உடைக்க வைத்த வேட்டுக்கு முதல் சங்கு ஊதியதும் எல்லோரும் குழியை விட்டு மேலே ஏறிவிட்டார்கள். அவரும், கூடவே கல் ஏற்றுகிற நானும் கடைசிக் கல்லையும் போட்டுவிட்டு வண்டியில் ஏறினோம். அவர் சாவியைத் திருகினார். மோட்டார் மட்டும் தனியாக ஙொய்யென்று சுற்றியது. எஞ்சின் அசையவில்லை.

"மோட்டார் பல்லு எஞ்சின் பல்லக் கடிக்க மாட்டேங்குது. சுண்ணாம்புத் தூளு அடைச்சிருக்கும்" என்றார்.

இறங்கி, அடியில் புகுந்து ஸ்பானரால் தட்டினார். ஏறித் திருகினார். அதே சத்தம். ஹேண்டில் இருந்தால் சுற்றியாவது பார்த்திருக்கலாம். அதுதான் எங்கள் வயிற்றுக்குள் போய்விட்டதே!

இரண்டாம் சங்கு ஊதிவிட்டது. அப்படியென்றால் திரிக்கு நெருப்பு வைத்தாயிற்று. கல்குவியலுக்குப் பின்னால் நின்ற எங்களை மேலே ஒருவரும் பார்க்கவில்லை. "ஐயோ, ஆளு இருக்கோம்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அந்தச் சங்குச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

"வாய்யா மேல! உசுரு இருந்தா வேற வண்டி வாங்கிக்கலாம்!"

"எதை வெச்சுடி வாங்குவ? நீ போ புள்ள. இன்னும் ஒரே தடவ."

அவருடைய ஒரே தடவைக்கு முடிவே இல்லை. திருகுவார், ஙொய்யென்னும், மறுபடி திருகுவார். முகத்தில் வியர்வையும் சுண்ணாம்பும் குழைந்து வழிந்தன. இந்த மனுசன் இறங்கப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்துபோனது. கையளவு நிலம்கூட இல்லாத எங்களுக்கு வேறு பிழைப்பு ஏது? அவருக்கு அந்த லாரிதான் எல்லாம். எனக்கு அவர்தான்.

எட்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு குதித்து ஓடினேன்.

"அடியே! சாவியக் குடுடி! கொன்னுபுடுவேன்!"

"வந்து கொல்லு!"

வாயில் வந்தபடியெல்லாம் வைதுகொண்டு துரத்தினார். நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. மேலே ஏறுகிற சரிவு முடிகிற இடத்தில் என் கொண்டையைப் பிடித்துவிட்டார். அந்த நேரத்தில்தான் வெடித்தது. இருவரும் குப்புற விழுந்தோம்.

தூசி அடங்கியபோது வண்டியின் முன்பக்கம் முழுக்கக் கல்லுக்கு அடியில் கிடந்தது. அவர் எழுந்து உட்கார்ந்து அதையே பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எவ்வளவோ தேவலை. கையைத்தான் நீட்டினார்.

"குடு புள்ள. இப்பப் புடிச்சிக்கும்."

அந்தக் கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். விட்டால் மறுபடி குழிக்குள் இறங்கிப் போய்விடுவார்.