பானுப்பிரியா பத்தியம் முறித்தாள்

ஆமத்தூர்ப் பக்கத்துப் பட்டாசு ஆலையில் வெடிக்குத் திரி வைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து அறை வெடித்து, பானுப்பிரியாவின் இடது கண் போயிற்று. அது 2004 தீபாவளி சீசன். மதுரை ஆஸ்பத்திரியில் கண்ணை எடுத்துவிட்டு, குழிக்குள் ஓர் உருண்டையை வைத்துத் தைத்தார்கள்.

உருண்டை என்றால் கோலிக்குண்டு போல வழவழப்பானது இல்லை. முழுக்கப் பொடிப்பொடித் துளைகள். "இந்தத் துளைக்குள்ள உன் சதையும் ரத்தக் குழாயும் வளந்து போகணும். அப்பத்தான் உடம்போட ஒட்டும். மேல வைக்கிற செயற்கைக் கண்ணும் மத்தக் கண்ணோட சேந்து அசையும்" என்றார் டாக்டரம்மா. சதையை வளரத் தூண்டுகிற பொருள் அவள் ரத்தத்திலேயே இருக்கிறதாம். அதைப் பிரித்தெடுத்து, உருண்டையை அதில் நனைத்துத்தான் உள்ளே வைத்தார்களாம். பானுப்பிரியாவுக்கு இது பிடித்துப்போனது. முறைத்தால் இரண்டு கண்ணாலும் முறைக்க வேண்டும் என்பது அவள் கட்சி.

ஆனால் வீட்டில் அம்மா குருவம்மாள் இருந்தாளே! அந்த ஊரில் விரலில் வெட்டுப்பட்டாலே பத்தியம். கண்ணையே எடுத்த உடம்புக்குக் கேட்கவா வேண்டும்? பருப்பு ஆகாது, சீழ் வைக்கும். முட்டையும் மீனும் வாசலைத் தாண்டக் கூடாது. மூன்று வேளையும் ரசஞ்சோறு. பாசம்தான், பாசத்துக்கு யோசிக்கத் தெரியாதே.

அடுத்த முறை அம்மாவோடு மதுரைக்குப் போனபோது டாக்டரம்மாவின் முகம் சுருங்கியது. தையல் ஓரத்தில் சதை விலகி, உருண்டை வெள்ளையாய்த் தெரிந்தது.

"மூட மாட்டேங்குது. இப்படியே போனா உருண்டைய எடுத்துற வேண்டியதுதான். என்ன சாப்பிடுறே?"

"ரசஞ்சோறு."

"அது மட்டுமா? உருண்டைய நனைச்சு வச்சது கொத்தனார் மாதிரி. கொத்தனார் வந்து நின்னா போதுமாம்மா, செங்கல் வேணாமா? முட்டை, பருப்பு, மீன் எல்லாம் சாப்பிடு."

"அவுக படிச்சவுக, சொல்லுவாக. சீழ் வச்சா நாமதான படணும்" என்றாள் குருவம்மாள், பஸ்ஸில்.

வீடு வந்ததும் பானுப்பிரியா கடையில் முட்டை வாங்கிவந்து அடுப்பைப் பற்றவைத்தாள். அம்மா குறுக்கே நின்றாள்.

"அடியே, வேணாம்! அதே கம்பெனியில முன்னாடி உங்கப்பாவுக்குத் தீக்காயம் பட்டப்ப எப்பிடிப் பாத்தேன்! ஒருநாள் பத்தியம் தப்பவிட்டேனா?"

"பெறகு ஏன் அவரு பொழைக்கல?"

வாய்தவறி வந்த சொல் இல்லை. கோபத்தில் குறிபார்த்து எறிந்தது. குருவம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பானுப்பிரியாவுக்கும் நெஞ்சு சுட்டது. ஆனாலும் முட்டையை உடைத்து ஊற்றி, நின்றபடியே தின்றாள். அன்றிலிருந்து தினமும் தின்றாள். வெம்பக்கோட்டை அணை மீன் வந்தால் அதையும் விடவில்லை. தெருவே வாயில் அடித்துக்கொண்டது.

"சீழ் வச்சா கூப்பிடுறேன், வந்து பாருங்க" என்றாள். அம்மா தடுக்கவுமில்லை, சமைத்துத் தரவுமில்லை.

சீழ் வைக்கவில்லை. விலகிய இடம் மெல்ல மூடியது. சில மாதம் கழித்து ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "உருண்டை முழுக்க ரத்த ஓட்டம் வந்துருச்சு. இனி இது உன் உடம்பு" என்றார். செயற்கைக் கண்ணைப் பொருத்தியதும் பானுப்பிரியா அம்மா பக்கம் பார்வையைத் திருப்பினாள். இரண்டு கண்ணும் சேர்ந்து திரும்பின.

குருவம்மாள் சிரிக்கவில்லை. "டாக்டரம்மா, தீக்காயம் பட்டவுகளுக்கும் முட்டை குடுக்கலாமா?"

"கட்டாயம் குடுக்கணும். அவங்களுக்குத்தான் இன்னும் கூடுதலா வேணும்."

வெளியே வந்ததும் குருவம்மாள் மகளின் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அப்ப, நாந்தான் அவரக் கொன்னுட்டனா?"

பானுப்பிரியா அவளை அணைத்துக்கொண்டாள். "இல்லம்மா. நான் சொன்னது தப்பு. ஆர்டர் ஏறுதுன்னு வெடிமருந்தையும் ஆளையும் ஒரே ரூமுல அடைச்சான் பாரு கம்பெனி மொதலாளி, அவன் கொன்னான். என் கண்ணையும் அவன்தான் பிடுங்கினான். அவன் பழிய நீ தூக்காத. நேரா சிவகாசிக்குப் போயி அவன் வீட்டு வாசல்ல நின்னு கேப்போம், வா."

"என்னத்தடி கேக்க?"

"அப்பாவ."

குருவம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இருவரும் சிவகாசி பஸ்ஸில் ஏறினார்கள்.