காலிதீனின் கொலைகாரனுக்கு அழுதவள்

காலிதீன் எழுதுவது இலக்கியமே இல்லை என்று நிறுவ எனக்கு அரை மணி நேரம் கொடுத்திருந்தார்கள். எண்பத்திரண்டாம் ஆண்டு, கல்முனையில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். முன்னால் ஆண்கள், திரைக்கு அப்பால் பெண்கள். கூட்டம் எனக்காக வரவில்லை. கடைத்தெருப் புடைவைக் கடையில் துணி வெட்டிக் கொடுக்கிற காலிதீன் கொழும்புப் பத்திரிகையொன்றில் துப்பறியும் தொடர் எழுதி, போன கிழமைதான் முடித்திருந்தான். அவனைப் பார்க்க வந்த கூட்டம் அது. நானோ சிறுகதைத் தொகுதி போட்ட ஆசிரியன். என் புத்தகம் கட்டுக்கட்டாகக் கட்டிலுக்கடியில் கிடந்தது. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

"கொலை, பொலிஸ், கைவிலங்கு! இதில் வாழ்க்கை எங்கே?" என்று முழங்கினேன். "ஊர் வயலெல்லாம் வைத்திருக்கிற போடியாரைக் கொன்றவன் வண்டிக்காரன். இதைக் கண்டுபிடிக்க இத்தனை வாரமா?"

மண்டபம் சிரித்தது. என் பகிடிக்குத்தான் என்று நினைத்தேன். உண்மையில் நான் நாலைந்து வாரத்தோடு தொடரை விட்டவன். இந்த மாதிரிக் கதையில் வேறு யார் கொல்லப் போகிறான் என்ற இளக்காரம்.

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"வண்டிக்காரன் இல்ல சேர். தண்ணி பங்கு போடுற வட்டவிதானை. போடியார் கள்ள உறுதிப் பத்திரம் முடிச்சு அவன்ட வயல எடுத்துட்டார். மதகடியில வெச்சு அடிச்சான். செஞ்சது பாவம்தான். எண்டாலும் அவனப் பொலிஸ் கொண்டு போகக்குள்ள அழுதிட்டன் நான்."

எல்லார் முன்னாலும் என்னைச் 'சேர்' என்கிறாள் நதீரா, என் பெண்சாதி! என் கதையை இரண்டாம் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு உறங்குகிறவள். காலிதீன் எழும்பிக்கூட நிற்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். அந்த அடக்கத்தைப் பார்க்க எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்கு முன்னால் விறுவிறென்று நடந்தேன். வீட்டு வாசல் படலையடியில் அடக்க முடியாமல் போயிற்று.

"அவன்ட கொலைகாரனுக்கு அழுதிருக்காய். என்ட கதைக்கு ஒருநாளாவது அழுதியா?"

நதீரா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். அவள் குரலில் கேலி இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"ஒங்கட கதையில வாற ஆக்கள் முதல் வரியிலேயே அழத் தொடங்கிருவாங்களே. நான் வேற என்னத்துக்கு அழ?"