அக்கரையில் காயும் கைலி

கமர் ஜஹானின் கழுத்தில் கிடந்த கருகமணியை வெள்ளிக்கிழமை கழற்றிவிடுவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அதற்கு முன்னால் ஒரு நாள் தன்னை ஸ்ரீரங்கத்துக்கு அனுப்ப வேண்டும் என்று அவள் கேட்டாள்.

முடிவு செய்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் பாவம் அப்துல் மாலிக்கைத் திட்டிக்கொண்டே கேட்பீர்கள். அவர் கமர் ஜஹானின் கணவனுக்கு அண்ணன். சிங்காரத்தோப்புப் பக்கம் சுருட்டுக் கடை வைத்திருந்தார். தம்பி அப்துல் ரஹீமின் பெயரை யாராவது சொன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

ரஹீம் பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் இருந்தான். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருவான், சில மாதம் இருப்பான், போய்விடுவான். பிறகு சண்டை வந்தது. பினாங்கில் குண்டு விழுந்தது என்றார்கள். கடுதாசி நின்றது. சண்டை முடிந்து கப்பல் ஓட ஆரம்பித்ததும் பாலக்கரையிலும் உறையூரிலும் ஒவ்வொரு வீடாக ஆட்கள் வந்து இறங்கினார்கள், எலும்பும் தோலுமாக. மாலிக் ஒவ்வொருவரையும் தேடிப் போய்க் கேட்டார். குண்டு விழுந்த அன்று கடைத்தெருவில் ரஹீமைப் பார்த்தேன் என்றான் ஒருவன். அதற்குப் பிறகு பார்த்தவர் யாரும் இல்லை.

ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு மாலிக் சொன்னார். "இதுக்கு மேல அவனுக்கு ஓதாம வச்சிருக்கறது நம்ம மேல பாவமாயிடும். வெள்ளிக்கிழமை பாத்திஹா ஓதிடலாம்."

ரஹீம் இறந்துவிட்டான் என்று ஓதிவிட்டால் கமர் ஜஹான் விதவை. கருகமணி இறங்கிவிடும். அவள் அழவில்லை, மறுக்கவும் இல்லை. ஸ்ரீரங்கத்தைத்தான் கேட்டாள்.

"அங்க நமக்கு என்ன இருக்கு?" என்றார் மாலிக்.

"அது ஒரு தீவு" என்றாள் அவள்.

கல்யாணமான புதிதில் ஒரு சாயங்காலம் ரஹீம் அவளை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், மலைக்கோட்டையின் ஓரமாகத் தூரத்தில் தெரிந்த ஸ்ரீரங்கத்து வெள்ளைக் கோபுரத்தைக் காட்டியிருந்தான். "பினாங்கு எப்படி இருக்கும்னு கேட்டியே. அதோ, அதுவும் தீவுதான். இந்தப் பக்கம் காவேரி, அந்தப் பக்கம் கொள்ளிடம். எந்தப் பக்கம் நடந்தாலும் தண்ணிதான் வரும். முதல்ல ஒருநாள் உன்னை அங்க கூட்டிட்டுப் போறேன். பழகிக்கோ. அப்புறம் பினாங்கு." ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் அடுத்த தடவை என்றான். மாடியிலிருந்து பார்த்தால் கண்ணில் படுகிற ஊர். நினைத்தால் போய்விடக்கூடிய ஊர். அதனாலேயே போகவில்லை.

புதன்கிழமை காலை வீரமலையின் ஜட்கா வாசலுக்கு வந்தது. கோஷாப் பெண்களை ஏற்றுவதற்கென்றே பேர் வாங்கிய வண்டி அது. முன்னாலும் பின்னாலும் கெட்டித் திரை. வீரமலை திரும்பிப் பார்க்க மாட்டார். ஆனால் போகிற வழியெல்லாம் வெளியே நடப்பதைக் குதிரையிடம் சொல்வதுபோல உரக்கச் சொல்லிக்கொண்டே வருவார். உள்ளே இருப்பவர்கள் காதால் ஊரைப் பார்த்துக்கொள்ளலாம்.

கூடத் துணைக்கு வந்தவள் நஜீமா, ரஹீமின் தங்கை. அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள். முடித்துவிடலாம் என்று வீட்டில் எல்லாரையும்விட உரக்கச் சொன்னவளும் அவள்தான். "வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டாப் போதும், அண்ணனோன்னு எந்திரிச்சு ஓடறேன். என் முழங்கால் தேஞ்சு போச்சு. போதும்" என்றிருந்தாள்.

துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வண்டியில் ஏறப்போன நஜீமா, அண்ணியைக் காணாமல் உள்ளே எட்டிப் பார்த்தாள். கமர் ஜஹான் மாடியிலிருந்து மூச்சு வாங்க இறங்கி வந்தாள்.

"புறப்படற நேரத்துல மாடியில என்ன வேலை?"

"உங்க அண்ணன் கைலியைக் காயப் போட்டேன்."

"காஞ்ச கைலியையா?"

அவள் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ரஹீம் கடைசியாக விட்டுப்போன பச்சைக் கைலி. மாடியில் எவ்வளவு உயரமாகக் கட்ட முடியுமோ அவ்வளவு உயரமாகக் கயிறு கட்டி அதை விரித்துவிட்டு வந்திருந்தாள்.

வண்டி புறப்பட்டது. வீரமலை குதிரையிடம் பேச ஆரம்பித்தார். "தெப்பக்குளம் வந்தாச்சுடா. பூக்காரி யாரோடவோ சண்டை போடறா. நமக்கு எதுக்கு." பிறகு சிந்தாமணி, பிறகு பாலம். பாலத்தில் ஏறியதும் குளம்புச் சத்தம் மாறியது. காற்று திரையை உள்பக்கமாகத் தள்ளியது, ஈரக் காற்று.

"ஆவணித் தண்ணி ரெண்டு கரையும் தொட்டுப் போகுது" என்றார் வீரமலை. "படித்துறையில நல்ல கூட்டம். யானை குளிக்குது. பாகன் முதுகுல படுத்துக்கிட்டுத் தேய்க்கிறான்."

கமர் ஜஹானின் முகம் மலர்ந்தது. நஜீமா திரை ஓரத்தை விரல் அகலம் விலக்கிப் பார்த்தாள். "வீரமலை அண்ணே, எங்க யானை? நாலு எருமைதான் நிக்குது."

"இப்பத்தாம்மா கரையேறிப் போச்சு."

"அவ்வளவு பெரிய யானை அதுக்குள்ளயா போச்சு?"

"தினம் வர்ற யானைம்மா. இன்னிக்கு வராட்டி நான் என்ன பண்றது? பாலம் ஏறினா யானையைச் சொல்லித்தான் வழக்கம். போன மாசம் ஒரு பெரியம்மா, யானை சொல்ல மறந்துட்டியேன்னு என்னைத் திரும்பக் கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க."

நஜீமா சிரித்துவிட்டாள். கமர் ஜஹானும் சிரித்தாள். ஆனால் அவள் மனதில் யானை இன்னும் குளித்துக்கொண்டுதான் இருந்தது.

மாம்பழச் சாலை தாண்டி வண்டி ஊருக்குள் திரும்பியபோது வீரமலை குரலைத் தாழ்த்தினார். "அம்மா, அந்தத் தூக்குச்சட்டியை இந்த வீதியெல்லாம் தாண்டற வரைக்கும் தொறந்துடாதீங்க. வாசம் வெளிய போச்சுன்னா ஐயங்கார் வீட்டம்மா எல்லாம் சொம்பும் தண்ணியுமா வந்து என் வண்டியைக் கழுவி விட்டுடுவாங்க."

"வறுத்த கறிதான். நல்லா இறுக்கி மூடியிருக்கு" என்றாள் நஜீமா. "இறங்கினதும் உங்களுக்கும் உண்டு. பயப்படாம ஓட்டுங்க."

பெரிய மதில் ஒன்றின் நிழல் வண்டிக்குள் விழுந்து நெடுநேரம் கூடவே வந்தது. வீரமலை கோயிலைச் சொன்னார். மொட்டையாக நின்றுபோன தெற்குக் கோபுரத்தைச் சொன்னார். பிறகு, "உங்க ஜாதிப் பொண்ணு ஒருத்தியும் உள்ள இருக்காம்மா" என்றார். "டில்லிக்கார சுல்தானோட பொண்ணுன்னு சொல்வாங்க. பெருமாள் மேல ஆசை வச்சு இங்கவரைக்கும் தேடிக்கிட்டு வந்துட்டாளாம். அவளுக்கு ரொட்டி படைக்கிறாங்க. அவளுக்காகப் பெருமாளே ஒருநாள் கைலி கட்டிக்குவாரு."

"கைலியா?" என்றாள் கமர் ஜஹான். அன்று அவள் வீரமலையிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"கைலிதாம்மா."

"தேடி வந்தவளுக்குக் கிடைச்சாரா?"

வீரமலை கடிவாளத்தைச் சுண்டிவிட்டார். "கிடைச்சதாத்தான் சொல்றாங்க."

முதலில் கொள்ளிடக் கரைக்குப் போகச் சொன்னாள் கமர் ஜஹான். வெயில் ஏறிவிட்டது, ஆளில்லை. வண்டியை விட்டு இறங்கித் தண்ணீரில் கால் நனைத்தாள். ஆறு அகலமாக, பழுப்பாக, அவளைக் கண்டுகொள்ளாமல் போய்க்கொண்டிருந்தது. ஒரு பக்கம் பார்த்தாயிற்று என்று மீண்டும் வண்டியில் ஏறினாள். தீவின் குறுக்கே திரும்பி, வீரமலை தனக்குத் தெரிந்த அழகிரி என்பவரின் தோப்புக்கு ஓட்டினார். மேலூர்ப் பக்கம், காவேரிக் கரையை ஒட்டிய தென்னந்தோப்பு. நடுவில் வாழை. கோஷாப் பெண்கள் வந்தால் அழகிரி வேலியை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். வீரமலையும் குதிரையை அவிழ்த்துக்கொண்டு வாழைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார்.

திரையும் இல்லை, ஆளும் இல்லை. கமர் ஜஹான் துப்பட்டியைத் தோளுக்கு இறக்கிவிட்டு நின்றாள். தென்னைகள் தண்ணீரைத் தொடுவதுபோலச் சாய்ந்திருந்தன. பினாங்கைப் பற்றி அவன் சொன்னதெல்லாம் அங்கே இருந்தது: மட்டை உரசும் சத்தம், மணலில் நண்டு வளை, எதிர்க்கரை. "அக்கரை நல்லாத் தெரியும்" என்பான் அவன். "தெரிஞ்சு என்ன பண்றது? ஓடம் வேணுமே."

எதிரே தென்கிழக்கில் மலைக்கோட்டை நின்றது. அவள் பிறந்ததிலிருந்து பார்த்த மலைதான். ஆனால் அதன் முதுகை இன்றுதான் பார்த்தாள். கண்மேல் கை வைத்துக்கொண்டு மலையின் ஓரங்களில் தேட ஆரம்பித்தாள். வலப்பக்கம் தேடினாள், இடப்பக்கம் தேடினாள். கரையோரமாகக் கொஞ்சம் நடந்துபோய் அங்கிருந்து பார்த்தாள். திரும்பி வந்தாள்.

தென்னை நிழலில் ஜமுக்காளத்தை விரித்துப் புளிச்சோற்றைப் பிரித்துவைத்த நஜீமா, "என்னத்தை அண்ணி தேடறீங்க? வாங்க, எறும்பு வந்துடும்" என்றாள்.

"நம்ம வீடு."

"வீடா?"

"பச்சைக் கைலி தெரியும்னு நெனச்சேன். அதுக்குத்தான் உசரமாக் கட்டிட்டு வந்தேன்."

நஜீமா எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். அவளும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். ஓடும் தண்ணீர், எதிர்க்கரை மரங்கள், மரங்களுக்கு மேல் மலை. அவ்வளவுதான்.

"மாடியிலேர்ந்து இந்த ஊர் தெரியுதே" என்றாள் கமர் ஜஹான். "அப்ப இங்கேர்ந்து மாடி தெரியணும்ல?"

நஜீமாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "அண்ணி, நீங்க பார்த்தது கோபுரம். அது வானத்துக்கு நிக்குது. நம்ம மாடி என்ன உசரம்? வீரமலை அண்ணன் கை தூக்கினா கைப்பிடிச் சுவரைத் தொட்டுடுவாரு."

கமர் ஜஹான் கண்மேல் வைத்த கையை இறக்கினாள். ஒருநாள் கேட்டு வாங்கி, அவன் வாயால் கேட்ட தீவில் வந்து நின்று, அவன் பார்ப்பதுபோல வீட்டைப் பார்க்க நினைத்தாள். பினாங்கில் ஒருவன் கரையில் நின்று இந்தப் பக்கம் பார்த்தால் என்ன தெரியும் என்று அறிந்துகொள்ள நினைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

நஜீமா அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசினாள். "இதுக்குப் போயி இப்படியா? கைலி அங்கதான் இருக்கும். நீங்கதானே கட்டிட்டு வந்தீங்க. கண்ணுக்குத் தெரியலைன்னா இல்லைன்னு ஆயிடுமா?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

கமர் ஜஹான் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டே கழுத்துக்குக் கையைக் கொண்டுபோய்க் கருகமணியைப் பிடித்துக்கொண்டாள். காவேரியில் ஒரு பரிசல் சுற்றிச் சுற்றிப் போனது. வாழைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வீரமலை, "அம்மா, சாப்பிட்டாச்சுங்களா? குதிரை கேக்குது" என்று குரல் கொடுத்தார்.

"குதிரை கறி திங்குமா அண்ணே?" என்று நஜீமா பதில் கொடுத்தாள். ஆனால் குரல் பழைய குரலாக இல்லை. வாழையிலையில் சோற்றையும் கறியையும் நிறைய வைத்து, வேலி ஓரம் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

சாப்பிட்டார்கள். நஜீமா பேச்சை எங்கெங்கோ இழுத்தாள். கமர் ஜஹான் எல்லாவற்றுக்கும் "ம்" என்றாள். புறப்படும் முன் காவேரியிலும் கால் நனைத்துக்கொண்டாள். இரண்டு பக்கமும் ஆயிற்று.

பாலத்தில் திரும்பி வரும்போது வீரமலை வாயைத் திறக்கவில்லை. காலையில் மாட்டிக்கொண்டதால் இருக்கலாம். பாதிப் பாலத்தில் கமர் ஜஹானே கேட்டாள்: "யானை வந்துருச்சா?"

வீரமலை படித்துறைப் பக்கம் பார்த்தார். "வந்துருச்சும்மா" என்றார். நஜீமா திரை ஓரத்தில் விரல் வைத்தாள். பிறகு விலக்காமல் எடுத்துவிட்டாள்.

வீடு வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. சாயங்காலக் காற்று தெருப் புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தது. கமர் ஜஹான் மாடிப்படியின் அடியில் நின்றாள். ஏறவில்லை. "நஜீமா, நீ போய்ப் பாரேன்" என்றாள்.

நஜீமா ஏறினாள். அவள் காலடி மாடியின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போகிற சத்தம் கேட்டது.

"இருக்கா?" என்று கமர் ஜஹான் கீழிருந்து கேட்டாள்.

"இருக்கு அண்ணி" என்றது குரல். "அப்படியே இருக்கு."

இறங்கி வர நேரமாயிற்று. மாடியிலிருந்து பக்கத்து வீட்டுக் கொல்லைக்கு ஒரு மரப்படி உண்டு. அது கிறீச்சிடுகிற சத்தம் கமர் ஜஹானுக்குக் கேட்டது, முதலில் ஒருமுறை, பிறகு திரும்ப ஒருமுறை. பக்கத்து வீட்டு சாரா பீவியின் ஆடு கத்தியது. நஜீமா கைலியை மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். நன்றாகத்தான் உதறியிருந்தாள். ஆனாலும் மடிப்பில் நெருஞ்சி முள் ஒன்று ஒட்டியிருந்தது, ஓரத்தில் ஆட்டுப் புழுக்கை நசுங்கிய கறை. கமர் ஜஹான் இரண்டையும் பார்த்தாள். முள்ளை மட்டும் எடுத்துப் போட்டாள்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாலிக் வந்தார். வெள்ளிக்கிழமைக்குப் பள்ளிவாசல் அசரத்திடம் சொல்லிவிட வேண்டும், எத்தனை பேருக்குச் சோறாக்குவது என்று கேட்க வந்திருந்தார். கதவுக்குப் பின்னால் நின்ற கமர் ஜஹான் வாய் திறப்பதற்குள் நஜீமா முன்னால் வந்தாள்.

"வேணாம் அண்ணே. கழுத்துல கெடக்கறது கெடக்கட்டும்."

மாலிக் தங்கையை நிமிர்ந்து பார்த்தார். "நீதானே சொன்னே?"

"ஆமா, நான்தான் சொன்னேன். இப்ப நான்தான் வேணாங்கறேன்."

"எத்தனை நாளைக்குடி இப்படி?"

கதவுக்குப் பின்னாலிருந்து கமர் ஜஹான் மெதுவாகச் சொன்னாள். "நான் பார்த்துக்கறேன் மச்சான். நான்தானே காத்திருக்கேன்."

மாலிக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு, அசரத்திடம் அவரே பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை கமர் ஜஹான் கைலியின் கறையைச் சோப்புப் போட்டுத் துவைத்தாள். நஜீமா வந்து கயிற்றைக் கொஞ்சம் தாழ்த்திக் கட்டிக் கொடுத்தாள். இந்தத் தடவை காற்று அடித்துப் போகாதபடி இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டார்கள். மலையின் ஓரத்தில் வெள்ளைக் கோபுரம் தெரிந்தது. கமர் ஜஹான் கைலிக்குப் பக்கத்தில் நின்று, ஈரக் கையைக் கண்மேல் வைத்து, கோபுரத்தையும் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.