பத்மாசினி மறித்தாள்

தியாகலிங்கம் கொழும்புக்குப் போகப் பெட்டியில் வேட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, பத்மாசினி கதவு நிலையைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்து, "அந்தப் பாதிரியாரின்ரை கதை எதிலை விட்டனீங்கள்?" என்று கேட்டாள். அவளுக்கு அது நிறைமாதம்.

அவர் மானிப்பாய்ப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் இங்கிலீசு வாத்தியார். கொழும்பில் நடக்கும் லண்டன் பி.ஏ. சோதனையில் ஒருமுறை தவறியவர். இந்த வருடம் பாடமாக வந்திருந்தவர், முந்நூறு வருடத்துக்கு முன் வாழ்ந்து பிற்காலத்தில் பாதிரியாரான ஓர் இங்கிலாந்துக் கவிஞர். காதலைச் சொல்லவந்து கிரகங்களையும் தேசப்படங்களையும் இழுத்துவருகிற பாட்டுகள். ஒரு வரி பிடிபடுவதற்குள் காலை போய்விடும். கவிஞரின் வாழ்க்கையாவது மனதில் நிற்கட்டுமென்று, அடுப்படியில் மனைவிக்குத் தமிழில் சொல்லிவந்தார். எசமான் வீட்டுப் பெண்ணைக் களவாகக் கலியாணம் முடித்தது, பெண்ணின் தகப்பன் மறியல் வீட்டில் அடைப்பித்தது, உத்தியோகம் போனது, பிள்ளைகளோடு பிறர் தயவில் கிடந்தது. பத்மாசினிக்குக் கவிஞரில் அவ்வளவு அக்கறையில்லை. அந்த மனிசி பிள்ளைகளுக்கு என்ன சமைத்துக் கொடுத்தாள் என்று கேட்பாள். புத்தகத்தில் அது இல்லை.

ஒரு பணக்காரர் கவிஞரைப் பிரான்சுக்குக் கூட்டிப்போன இடத்தில் தியாகலிங்கம் கதையை விட்டிருந்தார். மனைவி அப்போது வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள் என்று சொல்லி முடித்த பிறகுதான், எங்கே வந்து நிற்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது.

"போகவேண்டாம் எண்டு அவ மறிச்சவவோ?"

"மறிச்சவ. மனதுக்குச் சரியாப் படேல்லை எண்டு சொன்னவவாம்."

"போனவரோ?"

"போனவர்."

"பிள்ளை?"

மடித்த வேட்டியை அவர் மறுபடியும் நீவினார். "செத்துப் பிறந்தது."

அவர்களுடைய முதல் பிள்ளை அந்த வீட்டிலேயே பிறந்து அன்றைக்கே போனது. அப்போது அவர் பள்ளிக்கூடத்தில் இருந்தார். அதைப்பற்றி அவள் ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. எதையும் நேராகக் கேட்கிற பழக்கம் அவளுக்கில்லை. உப்பு முடிந்தால்கூட அடுப்பைப் பார்த்துத்தான் சொல்லுவாள். இப்போது அவருடைய முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப நானும் மறிக்கிறன். போகாதேங்கோ."

அவர் எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். கோபம் வந்தது. இன்னொரு வருடம் வீணாகும். கூடப் படிப்பித்து, சோதனைக்கும் கூட வரவிருந்த அருளம்பலம் ஸ்டேசனில் காத்துக்கொண்டிருப்பார். கால்களில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு நின்றார். பிரிவைப்பற்றி அந்தக் கவிஞர் எழுதியவை அவருக்கு மனப்பாடம். இத்தனை மாதமும் அவற்றைச் சொல்லுகிறவனின் பக்கத்தில் நின்றுதான் படித்திருந்தார். வீட்டில் தங்கி அவற்றைக் கேட்டவள் என்ன நினைத்திருப்பாள் என்று இன்றைக்குத்தான் தோன்றியது. திரும்பிவந்து வேட்டிகளைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடியில் போட்டார்.

கொழும்பில் சோதனை நடந்துகொண்டிருந்த ஒரு முற்பகலில் பத்மாசினிக்குப் பிள்ளைப்பேற்று நோவு கண்டது. மருத்துவிச்சி போதுமென்று மாமியார் சொன்னதைக் கேளாமல், வாடகைக் கார் பிடித்து மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பிள்ளை குறுக்கே கிடந்தது. வெளி விறாந்தையில் நின்றபடி, இந்நேரம் என்ன கேள்வி வந்திருக்கும் என்று ஒருகணம் நினைத்தார், நினைத்ததற்காக வெட்கப்பட்டார். பின்னேரம் தாதி வந்து பெண்பிள்ளை என்றாள். தாயும் சுகம். வீட்டில் வைத்திருந்தால் இரண்டு பேரும் இல்லை என்று டொக்டர் சொன்னார்.

திரும்பிவந்த அருளம்பலம் ஆஸ்பத்திரிக்கே வந்து பார்த்தார். அந்தப் பாதிரியாரைப் பற்றிப் பெரிய கேள்வி வந்ததாகவும் தான் அதைத் தொடவில்லை என்றும் சொன்னார். தியாகலிங்கம் சிரித்தார்.

பத்தியம் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விட்ட அன்று மாட்டுவண்டியில் வந்தார்கள். வைக்கோல் மெத்தையில் சாய்ந்திருந்த பத்மாசினி, "அந்த மனிசி பிறகு எப்பிடி இருந்தவ?" என்று கேட்டாள்.

சில வருடங்களின் பின் இன்னொரு பிள்ளைப்பேற்றோடு அவள் செத்துப்போனாள் என்பது அவருக்கு நினைவு வந்தது. கவிஞர் பெரிய கோயிலொன்றின் தலைவராகிப் பேரெடுத்தார்.

"சொல்லுங்கோவன். வீடு இன்னும் தூரந்தானே."

சோளகக் காற்று செம்மண்ணை வாரி வண்டிக்குள் அடித்தது. அவள் சேலைத் தலைப்பை இழுத்துப் பிள்ளையை மூடினாள். ஒரு குதிக்கால் மாத்திரம் வெளியே நின்றது. அதைப் புழுதி படாமல் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு, அவர் தொண்டையைச் செருமி, கதையைச் சொல்லத் தொடங்கினார்.